பழையாற்றங்கரையில் ஒரு கைமுக்கு

முப்பந்தல் வருவதற்குள் எங்கள் மோட்டார் பஸ்ஸுக்குக் கொதி வந்துவிட்டது. மூக்கிலிருந்து ஆவி சீறியது. டிரைவர் இறங்கி, முட்ட வரும் மாட்டைப் பார்ப்பதுபோல் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் காற்றில் நின்றோம். இது மாயவரத்துக் காற்று அல்ல. எங்கள் ஊரில் காற்று விருந்தாளி. எப்போதாவது வரும், வந்தால் உபசரிப்போம். இங்கே அது வீட்டுக்காரன். கணவாய் வழியே வந்து என் மேல்துண்டைப் பிடுங்கிக் கள்ளிப் புதரில் மாட்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் கிழக்கே போயிற்று.

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் மகாராஜாவின் சேவகர் ஒருவர் என் பையைக் குடைந்தார். அங்கிருந்து வேறு ராஜ்யம். அவர் மலையாளத்தில் கேட்டதை எனக்குப் புரிந்த மட்டில் தமிழில் தருகிறேன்.

"இந்த டப்பியில் என்ன?"

"மூக்குப்பொடி."

"போடுவதற்கா, விற்பதற்கா?"

"போடுவதற்கு."

"அப்படியானால் போடும், பார்க்கட்டும்."

போட்டேன். நான் தும்ம, அவரும் தும்ம, பின்னால் நின்ற கண்டக்டரும் தும்மினார். என்னைத் தேசத்துக்குள் விட்டுவிட்டார்கள்.

சவுக்கை தாண்டினால் பொட்டலும் பனையும் முடிந்து வயல் ஆரம்பிக்கிறது. நடுவில் வேலி இல்லை, அறிவிப்பு இல்லை. நேற்றுவரை உர்ரென்றிருந்த மனுஷர் திடீரென்று சிரித்துப் பேசினால் எப்படித் திகைப்போமோ, அப்படித் திகைத்துக்கொண்டே நாகர்கோவில் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மாள் இன்னொரு அம்மாளிடம் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். சங்கதி கசப்பு, ராகம் தாலாட்டு. இந்த ஊர்த் தமிழில் திட்டு வாங்கினால்கூடத் தூக்கம் வரும்போலிருக்கிறது.

என்னை இங்கே இழுத்தவர் வேலப்பன். சென்னையில் நாங்கள் இருவரும் சட்டம் படிக்கச் சேர்ந்தோம். அவர் முடித்தார், நான் பாதியில் எழுந்து கவிதை பக்கம் போனேன், அங்கிருந்து வசனம், வசனத்திலிருந்து ஊர் சுற்றல். வேலப்பன் இப்போது திருவனந்தபுரத்தில் சட்ட மாணவர்களுக்கு வாத்தியார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சட்டத் தொழிலின் பழைய கதையைக் கரும்பலகையில் எழுதினால் பையன்கள் தூங்குகிறார்களாம். விளையாட வைத்தால் சண்டை போடுகிறார்களாம். தூக்கத்துக்குச் சண்டை மேல் என்பது அவர் கட்சி. கல்லூரியில் அவருக்கு 'ஆட்டக்கார சார்' என்று பெயர். கோடை விடுமுறை தொடங்கியதும் விருப்பப்பட்ட மாணவர்களை அழைத்துக்கொண்டு சுசீந்திரத்துக்கு வெளியே, பழையாற்றங்கரைத் தோப்பு வீடொன்றில் வந்து தங்குவார். ஒரு நாளைக்கு ஒரு யுகம், ஒரு யுகத்துக்கு ஓர் ஆட்டம்.

"ஒரு ஆட்டத்துக்குச் சத்திய வாசகம் வேண்டும். பழையது கிடைக்கவில்லை. நீ எழுதித் தா, ஆனால் இங்கே வந்து எழுது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வாசகம் எழுதுவதற்காக மூன்று ஜில்லா தாண்டி வருகிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

போய்ச் சேர்ந்த பிற்பகலிலேயே முதல் ஆட்டம். ஒரு வாய்க்காலை அடைப்பதா திறப்பதா என்று பழைய நாட்டார் கூட்டம் கூடுகிறது. புஸ்தகம் இல்லை, சாசனம் இல்லை. அதிகப் பழைய வழக்கத்தை யார் நினைவிலிருந்து சொல்கிறாரோ அவர் கட்சிக்கு வெற்றி.

"எனக்க பாட்டா காலத்துல இது தொறந்துதான் கெடந்தது" என்றான் ஒருவன்.

"எனக்க பாட்டாவுக்க பாட்டா காலத்துல இங்க வாய்க்காலே கெடையாது வே. எதைத் தொறந்தாரு உம்ம பாட்டா?" என்று எழுந்தான் தாணு. நாஞ்சில் நாட்டு வேளாளப் பையன். நெற்றியில் திருநீற்றுக் கீற்று, பேச்சில் கத்தி. வகுப்பில் முதல் மாணவன் அவன்தான் என்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்டம், மலைகள் தோன்றுவதற்கு முந்தைய வழக்கம்வரை போய், சிரிப்பில் உடைந்தது. தாணுதான் ஜெயித்தான்.

எல்லோரும் சிரித்தபோது ஒருவன் மட்டும் சற்று விலகித் தென்னையில் சாய்ந்திருந்தான். பெயர் சூசை. கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் நான் தெற்கே மணல்காட்டுப் பக்கம் நடக்கக் கிளம்பினேன். துணைக்கு வந்தவன் அவனே.

அங்கே கொல்லாமரங்கள். மஞ்சளும் சிவப்புமாகப் பழம். பழத்துக்கு வெளியே கொட்டை. மாயவரத்தில் நாங்கள் இதை முந்திரி என்று வறுத்த பருப்பாக, கல்யாணப் பாயசத்தில் மட்டும் சந்திப்போம். பச்சைக் கொட்டை எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்டேன். சூசை மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, மணலில் குந்தி, ஒவ்வொன்றாகப் பிளந்து பருப்பை நீட்டினான்.

"கையில சாம்பல் பூசிக்கிட்டுதான் வெட்டணும் சார். இல்லேன்னா கொட்டைத் தோலுல உள்ள அண்டிப்பால் பட்டு வெந்துபோகும். இப்போ சாம்பலுக்கு எங்க போக?" மணலை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டான்.

பால் மணக்கும் பருப்பு. நான் தின்றுகொண்டே இருந்தேன். அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். எதற்குச் சட்டம் படிக்கிறாய் என்று கேட்டேன்.

"எங்க ஊருல வலை காயப்போடுற கரையை ஒருத்தன் வேலி போட்டு அடைக்கான். பங்குச் சாமியாரும் ஊர்க்காரங்களும் பேசி, நமக்குன்னு ஒரு வக்கீல் வேணும்னு என்னைய அனுப்பியிருக்காங்க. எங்க கரையில மொத ஆளு நான்தான்."

பிறகு, நான் கேட்காமலே மற்றதையும் சொன்னான். கல்லூரி விடுதியில் கதர்க்காரர் ஒருவரை இரகசியமாக வரவழைத்துக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். வார்டனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள் சூசை வார்டன் அறையிலிருந்து வெளியே வந்ததைத் தாணு பார்த்திருக்கிறான்.

"அக்கா கல்யாணம். லீவு கேக்கப் போனேன். அதைச் சொன்னா நம்பணும்லா? ஒருத்தனும் நேருக்கு நேரா கேக்கவும் இல்ல. கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்?"

அன்று அவன் ஏன் மற்றவர்களை விட்டு விலகி என்னோடு நடந்தான் என்பதும், அதனால்தான் எனக்கு அத்தனை பருப்பு கிடைத்தது என்பதும் விளங்கின.

மறுநாள் காலை புட்டும் சிறுபயறும் பப்படமும் மட்டி வாழைப்பழமும். நான் இவற்றைத் தனித்தனியே விசாரித்துச் சாப்பிட ஆரம்பித்தேன். எதிரே இருந்த ஞானதாஸ் பொறுக்கமாட்டாமல், "எல்லாத்தையும் சேர்த்துப் பிசையணும் சார். தனித்தனியா தின்னா புட்டுக்கு மனசு வெஷமிக்கும்" என்றான். மிஷன் கோயில் உபதேசியாரின் மகன், குண்டன், வகுப்பில் கேள்வி கேட்டால் புன்னகை ஒன்றே பதிலாம். பிசைந்தேன். இட்லியை அப்பாவி என்று முதல்முறையாக நினைத்தேன்.

அன்றைய ஆட்டம் கைமுக்கு. இந்த ஊரில் முற்காலத்தில் நடந்த சத்தியப் பரீட்சை அது. பெரிய பழிக்கு ஆளான நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை முக்கி, உள்ளே கிடக்கும் சின்னக் காளை உருவத்தை எடுக்கவேண்டும். கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, கை சுத்தமாயிருந்தால் ஆளும் சுத்தம். அந்த வழக்கம் நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. பரீட்சை நடந்த இடம் கோயில். ஆனால் சூசையும் ஞானதாசும் கோயிலுக்குள் வர முடியாது என்பதால் எங்கள் ஆட்டம் ஆற்றங்கரையில். நெய்க்குப் பதில் பானையில் ஆற்றுத் தண்ணீர், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். காளை, ஒரு மாணவன் கொண்டுவந்த பித்தளைப் பொம்மை.

வேலப்பன் விதிகளைச் சொன்னார். குற்றம் என்ன என்பதை மாணவர்களே முடிவு செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவன் சத்திய வாசகம் தவிர வேறு பேசக்கூடாது. அவனுக்காக வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. "ஏனென்றால் வக்கீல் என்ற பிராணி இன்னும் பிறக்கவில்லை" என்றார். மறுநாள் கட்டைப் பிரித்த பிறகு, குற்றவாளி என்று நினைப்பவர்கள் அவனுடைய பந்தியில் உட்காரக்கூடாது, அதுதான் தண்டனை.

தாணு எழுந்தான். "ஆளு சூசை. குற்றம், விடுதிக் கூட்டத்தைக் காட்டிக் கொடுத்தது."

கற்பனைக் குற்றத்தை எதிர்பார்த்திருந்த வேலப்பன் என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை என்னையும் பிடித்துக்கொண்டிருந்தது, மறைப்பானேன்.

"சூசை, வேண்டாமென்றால் வேறு ஆளை..." என்று இழுத்தார் வேலப்பன்.

"வேண்டாம்னா பயந்துட்டான்னு சொல்லுவானுவ சார். கொண்டாங்க பானையை."

நான் எழுதிய வாசகத்தை அவன் உரக்கப் படித்தான். "என் நாவு பொய்த்தால் என் கை பேசட்டும். நீர் அறியும், நெருப்பறியும், ஊர் அறியும்முன் என் தோல் அறியட்டும்." அவன் குரல் கடற்கரைக் குரல், தோப்பு முழுவதும் நிறைந்தது. தண்ணீர் சில்லென்றிருந்ததோ என்னவோ, கையை விட்டதும் "ஹூ" என்று உதறினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாணுவும்கூட. காளை வெளியே வந்தது. வலதுகையை வாட்டிய வாழையிலையில் சுற்றித் துணி கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி வைத்தார்கள்.

பிற்பகல் மாட்டுவண்டியில் மணக்குடிக் காயலைப் பார்க்கப் புறப்பட்டோம். கரைக்குச் சற்று முன்னால் வண்டிச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அத்தனை பேரும் இறங்கித் தள்ள, முத்திரை கெடக்கூடாது என்பதால் சூசை மட்டும் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தியா மக்கா," என்று மூச்சு வாங்கினான் ஞானதாஸ், "குற்றவாளிக்கு வண்டி, நமக்குச் சேறு. அந்தக் காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

"தள்ளுலே, பேசாம," என்றான் சூசை மேலிருந்து, ராஜாபோல. ஆனால் கட்டுப் போட்ட கையை அவன் முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன். அரிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினான்.

காயலோரக் குடிசையொன்றில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறியோடு தந்தார்கள். சூசை இடதுகையால் சாப்பிட்டான். அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர்கள் கறி நாக்கில் பட்டதும் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்படி ஒரு காரம்.

மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தார்கள்.

இலை விலகியதும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். விரல்களும் உள்ளங்கையின் ஓரமும் சிவந்து, கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தன. பச்சைத் தண்ணீரில் முக்கிய கை. என் வாசகம் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் மோசமாக எழுதியிருப்பேன்.

பேசக்கூடாது என்ற விதியை மறந்து சூசை சொன்னான்: "இது அண்டிப்பால். முந்தாநாள் சாருக்குக் கொல்லாங்கொட்டை வெட்டினேன்."

"ஆமாம், நான்தான் தின்றேன்," என்று நானும் எழுந்தேன். வேலப்பன் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அவனுக்காக யாரும் பேசக்கூடாது.

இந்தச் சீமையில் அண்டிப்பால் பட்ட கையைப் பார்க்காதவர் இல்லை. ஆகவே எல்லோருக்கும் காரணம் புரிந்தது. புரிந்த பின்னும் முகங்கள் மாறவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தாணு கொப்புளங்களை உற்றுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"அண்டிப்பால்தான். நான் இல்லேங்கல. ஆனா நேத்து பொங்கியிருக்கலாம், நாளைக்குப் பொங்கியிருக்கலாம். நாம கட்டின கட்டுக்குள்ள, நாம பிரிக்கிற நேரத்துக்கு எதுக்கு வே பொங்கணும்?"

இரண்டு தலைகள் ஆமாம் என்று அசைந்தன. சாட்சிச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் தலைகள். கைமுக்கு பார்த்த அந்தக் காலத்துக் கூட்டத்திலும் நெய்யின் கொதியைப் பற்றித் தெரியாதவர்களா இருந்திருப்பார்கள்? தெரிந்துதான் நம்பியிருக்கிறார்கள். இதை ஒரு புஸ்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

காலைக் கஞ்சி வந்தது. பயறும் தேங்காய்த் துவையலும் சுட்ட பப்படமும். சமையற்காரர் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். சூசை ஓர் ஓரத்தில் உட்கார்ந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவரோரம் போனார்கள். ஆட்டம்தான். ஆனால் போகும்போது ஒருவனும் சிரிக்கவில்லை. ஞானதாஸ்கூட இரண்டு அடி போய், நடுவில் நின்றுவிட்டான்.

சூசை கஞ்சியைத் தொடாமல் எழுந்தான். உள்ளே போய்த் தன் தகரப்பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைத்துக் கயிறு கட்டத் தொடங்கினான்.

"எங்கே?" என்றார் வேலப்பன்.

"ஊருக்கு சார். லீவு முடிஞ்சு வர்ற பரீட்சை எழுதல. கடல்ல யாரும் யாருக்க கையையும் பிரிச்சுப் பார்க்கமாட்டான். கரைக்கு அவங்க வேற வக்கீலைத் தேடட்டும்." வீங்கிய விரல்களுக்குள் கயிறு நிற்கவில்லை, முடிச்சு விழாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

ஞானதாஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

"தாணு, ஒரு கேள்வி."

"ஆட்டத்தில் அதற்கு இடமில்லை, ஞானதாஸ்," என்றார் வேலப்பன். குரலில் பலமில்லை.

"அவன் பெட்டி கட்டுகான் சார். அது ஆட்டமில்ல." அவன் தாணு பக்கம் திரும்பினான். "நீ என்னத்தைப் பார்த்தே?"

"வார்டன் ரூமுலேருந்து இவன் வெளிய வந்ததைப் பார்த்தேன்."

"உள்ள என்ன பேசினானுவன்னு கேட்டியா?"

"கதவு அடைச்சிருந்தது."

"அப்போ கதவைத்தான் பார்த்திருக்கே."

சுவரோரத்தில் யாருக்கோ கஞ்சி புரையேறியது. தாணு முறைத்தான்.

"எதுக்குப் போனேன்னு இவனைக் கேட்டியா?"

"கேக்காண்டாம். அக்கா கல்யாணத்துக்கு லீவுன்னு சொல்லுவான்."

"கல்யாணம் நடந்துதா இல்லியா?"

"நடந்தது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் போயிருந்தேன்லா. கூட்டம் பிடிபட்டதே நாங்க திரும்பி வந்த பொறவுதானே தெரியும், அதுவரை இவன்மேல சந்தேகமில்ல."

"நல்ல சாப்பாடா?" இதை ஞானதாஸ் ஒரு திட்டத்தோடும் கேட்கவில்லை. அவன் சுபாவத்துக்கு வந்த கேள்வி அது. "எனக்கு வர முடியல, அதான் கேக்கேன்."

தாணு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். காது சிவந்தது. முதல் மாணவன் ஒரு சின்னக் கேள்விக்கு இத்தனை நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து எல்லோரும் கிண்ணங்களிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"சாப்பிட்டியா, இல்லியா?"

"சாப்பிட்டேன்."

"எங்க உக்காந்து?"

"பந்தியிலதான். இவனுக்க அப்பாவுக்குப் பக்கத்துல."

யாரோ மெல்ல விசிலடித்தான். தாணுவின் வீட்டை அறியாத எனக்கும் அந்த விசில் புரிந்தது. வேளாள வீட்டில் தாய்மாமனாகிய அம்மாவன் கையில் குடும்பம், அவர் வாயில் ஆசாரம். வேளாளப் பையன் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று தெரிந்தால் படிப்பும் அன்றோடு முடியும், வீட்டுப் படியும் அன்றோடு அடையும்.

"அம்மாவனுக்குத் தெரியுமா வே?" என்றான் ஞானதாஸ்.

"தெரிஞ்சா நான் இங்க இருப்பேனா?"

"யாருக்குத் தெரியும்?"

"இவனுக்கு." தாணு சூசையைப் பார்த்தான். மூன்று நாளில் முதல்முறையாக நேராகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். "இவனுக்கு மட்டும்தான்."

ஞானதாசுக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. கேட்கவேண்டியிருக்கவும் இல்லை. கழுத்துக்குக் கத்தி வந்தபோதும் எதிரியின் ரகசியத்தை வெளியே எடுக்காதவன், பெட்டிக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்லே சொல்லல?" என்றான் தாணு. "நேத்து எல்லாரு முன்னாலயும் நான் பேரைச் சொன்னப்போ, நீ இதைச் சொல்லியிருந்தா எனக்க வாய் அடைச்சிருக்கும்."

"எங்க அப்பா ஒனக்குச் சோறு போட்டாரு. அதை எப்படிச் சொல்லிக் காட்ட?" என்றான் சூசை, கயிற்றிலிருந்து கண்ணெடுக்காமல்.

வேலப்பன் வெற்றிலைப்பெட்டியைத் திறந்துகொண்டார். எத்தனையோ கோடை இந்த ஆட்டத்தை நடத்தியவர். இந்தக் கட்டம் அவர் எழுதியதல்ல.

தாணு தன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, சூசையின் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்தான். பக்கத்தில் அல்ல, எதிரே.

"அப்போ சொன்னது யாருன்னு எனக்கு இன்னும் தெரியல," என்றான்.

"எனக்கும் தெரியாது."

"சரி. வா, கஞ்சி ஆறிக் கெடக்கு."

சூசை கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். பிறகு வந்து உட்கார்ந்தான். தாணு அவன் கையைப் பார்த்தான்.

"பரீட்சைக்குள்ள இது ஆறிருமா?"

"ஆறலேன்னா எனக்கும் சேர்த்து நீ எழுது. வகுப்புல மொத ஆளு நீதானே."

"அது குற்றம்லா."

"சாட்சி உண்டா?"

தாணு சிரித்துவிட்டான். சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிண்ணங்களோடு எழுந்து வந்தார்கள். ஞானதாஸ் மட்டும் வாசலுக்குப் போய், தகரப்பெட்டியின் கயிற்றை உருவி, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வந்து சூசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான்.